ஜாவா மொழியில் மீள்செயல்

2008ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31ஆந் திகதி, உலகத்தின் பல பாகங்களிலும் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் 2006 நவெம்பரில் விற்பனைக்கு விட்ட "சூன்" என்னும் கையடக்க இசைக்கருவிகளுள், முப்பது கிகாபைற்றுக் கொள்ளளவுடைய வகையைச் சேர்ந்தவை அன்று ஒருங்கே உறைந்து நின்றுவிட்டன. முதல்நாள் பாடிய கருவி அன்று பாட மறுத்தது. பொத்தானை அழுத்தினாலும் அசையவில்லை. மின்கலம் முற்றாகத் தீரும்வரை விட்டுவிட்டு, மறுநாள் கிரீனிச் நேரப்படி நண்பகல் கழிந்தபின் மீண்டும் இயக்குமாறு நிறுவனத்தார் அறிவுறுத்தினர். அவ்வாறே செய்தவர்களுக்குக் கருவி முன்போலப் பாடிற்று. பழுது எங்கே இருந்ததெனில், கருவியினுள் நாட்காட்டிக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் சில வரிகளில். ஒரு மீள்செயல் வளையம், தான் நிற்கவேண்டிய இடத்தை அறியாது சுற்றிக்கொண்டே இருந்துவிட்டது.

அந்த வளையத்தைப் பின்னர் அவிழ்த்துப் பார்ப்போம். அதற்கு முன்னர், மீள்செயல் என்பது யாது, அதற்கு ஏன் பல வடிவங்கள், ஒரு வடிவத்தை இன்னொன்றாக மாற்றும்போது எவை மாறாதிருக்க வேண்டும் என்பவற்றை நேயர்கள் அறிந்துகொள்ளல் நன்று. உதாரணத்துக்கு ஜாவா மொழியை எடுத்துக்கொள்கிறேன். 1995ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனத்திலிருந்து ஜேம்ஸ் கோஸ்லிங் என்பவரும் அவருடைய துணைவரும் வெளிக்கொணர்ந்த மொழி அது. அதன் மீள்செயல் வாக்கியங்கள் பெரும்பாலும், அதற்கு முன்னே 1970களின் தொடக்கத்தில் தோன்றிய "சி" மொழியிலிருந்து வந்தவை. ஆகையால் இங்கே கூறப்படுவது, அக்குடும்பத்தைச் சேர்ந்த ஏனைய மொழிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கணினிக்கு நாம் இடும் கட்டளைகளின் வரிசையைச் செய்நிரல் என்கிறோம். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தல், இரண்டில் ஒன்றைத் தெரிதல், ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்தல் என்னும் இம்மூன்றுமே எந்தக் கணிப்பையும் எழுதப் போதுமானவை என்று 1966ஆம் ஆண்டில் பேம், யக்கோப்பினி என்னும் இத்தாலிய அறிஞர் இருவர் நிறுவினர். மூன்றாவதாகிய திரும்பச் செய்தலே நமது பொருள். அதற்கு முந்திய காலத்துச் செய்நிரல்களில், "அந்த வரிக்குப் போ" என்று கட்டளையிட்டுத் தாவுவதே வழக்கமாக இருந்தது. "போ" என்னும் பொருளுடைய "கோட்டு" என்ற அச்சொல்லை ஜாவா மொழியார் ஒதுக்கீட்டுச் சொல்லாக வைத்துக்கொண்டு, எவரும் பயன்படுத்த இயலாதவாறு பூட்டிவிட்டனர். வீட்டிலே பழைய அரிவாள் ஒன்றைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்திற் செருகி வைப்பதுபோல!

தாவலுக்குப் பதிலாக ஜாவா தரும் வடிவங்கள் நான்கு. முதலாவது "வைல்" என்பது. "இந்த நிபந்தனை மெய்யாக இருக்குமளவும் இதனைச் செய்" என்று அது சொல்லும். தொட்டி நிரம்பாதிருக்குமளவும் கிணற்றிலிருந்து நீர் இறைப்பவன் இந்த முறையிலேயே வேலை செய்கிறான். எத்தனை வாளி என்று அவன் முன்கூட்டி எண்ணி வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு வாளிக்கும் முன்னே தொட்டியை எட்டிப் பார்க்கிறான். தொட்டி முன்னரே நிரம்பியிருந்தால் ஒரு வாளியும் இறைக்கமாட்டான். இரண்டாவது "டூ-வைல்". இஃது முதலிற் செய்து பின்னர் பார்ப்பது. கறியில் உப்புச் சரியா என்று அறிய வேண்டுமாயின் ஒருமுறையாவது சுவைத்தே ஆகவேண்டும்; சுவைத்த பின்னரே "இன்னும் போடவேண்டுமா" என்ற கேள்வி எழும். மூன்றாவது, ஆங்கிலத்தில் "ஃபோர்" எனப்படுவது. ஆய்தத்தைச் சேர்க்காது எழுதினால் யுத்தமாகிவிடுமாதலின் சேர்த்தே எழுதுகிறேன். தொடக்கம், நிபந்தனை, அடுத்த படி ஆகிய மூன்றையும் தலைவரியிலேயே கூறிவிடும் வடிவம் இது. நான்காவது, அதே சொல்லைக் கொண்டு, ஒரு கூட்டத்தின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது. வகுப்பாசிரியர் இடாப்பைத் திறந்து பெயர்களை வரிசையாகக் கூப்பிடுகிறாரே, அது இந்த நான்காவது வகை. 2004ஆம் ஆண்டில் ஐந்தாம் பதிப்பு வந்தபோதே ஜாவாவில் இது சேர்ந்தது.

ஒரே பொருளைச் சொல்ல நான்கு வாக்கியங்கள் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நாம் பாடசாலையிற் படித்த இலக்கணத்தை நினைவுகூர்க. "செய்வினை வாக்கியத்தைச் செயப்பாட்டுவினை வாக்கியமாக மாற்றுக" என்ற வினா வராத பரீட்சைத்தாள் உண்டா? "கம்மாளன் கத்தியைச் செய்தான்" என்பதும், "கத்தி கம்மாளனாற் செய்யப்பட்டது" என்பதும் ஒரே நிகழ்ச்சியைத்தான் கூறுகின்றன. ஆயினும் முன்னதில் கம்மாளன் முன்னிற்கிறான். பின்னதில் கத்தி முன்னிற்கிறது. மாற்றும்போது வேற்றுமை உருபு பிழைத்தால் பொருளே கெடும். மீள்செயல் வடிவங்களின் மாற்றமும் இத்தகையதே. எழுவாயும் பயனிலையும் இங்கே தொடக்கமும் நிபந்தனையும் ஆகின்றன. உருபின் இடத்தில் நிற்பது அடுத்த படி.

கையிற் கடதாசியும் பென்சிலும் வைத்திருப்போர் எழுதிக்கொள்க. ஒன்று முதற் பத்து வரையுள்ள எண்களைக் கூட்டவேண்டும். ஃபோர் வடிவத்தில் தலைவரி இவ்வாறு அமையும்: எண் 1 ஆகத் தொடங்கும், எண் 10ஐ விஞ்சாதிருக்குமளவும் செய்க, ஒவ்வொரு முறையும் எண்ணை ஒன்றாற் கூட்டுக. உடலில் ஒரே வரி: எண்ணைத் தொகையுடன் சேர்க்க. இதனை வைல் வடிவமாக்குவது எங்ஙனம்? தொடக்கத்தை வளையத்துக்கு வெளியே, அதற்கு முந்திய வரியாக எடுத்து வைக்க வேண்டும். நிபந்தனையை மட்டும் தலைவரியில் விட வேண்டும். அடுத்த படியை உடலின் இறுதி வரியாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும். இறுதி வரி என்பதை அடிக்கோடிட்டுக் கொள்க. வேலை முடிவதற்கு முன்னே எண்ணைக் கூட்டிவிட்டால் 1 விடுபட்டு, 11 உள்ளே புகுந்துவிடும். 55 வரவேண்டிய தொகை 65 ஆகும். கணினி முணுமுணுக்காது 65ஐ அச்சிட்டுத் தரும். உறைந்து நிற்கும் கருவியிலும் பிழையான விடையைத் துணிவுடன் தரும் கருவி கொடிது. முன்னதை எவரும் கவனிப்பர், பின்னதை நம்பிவிடுவர்.

எதிர்த்திசை மாற்றமும் இதுவே. வைல் வளையம் ஒன்றைக் கண்டால், அதற்கு முன்னே நிற்கும் தொடக்க வரியைத் தேடுக. உடலின் இறுதியில் நிபந்தனையை நோக்கி நகர்த்தும் வரியைத் தேடுக. இரண்டும் தெளிவாகக் கிடைப்பின் ஃபோர் தலைவரியில் ஏற்றிவிடலாம். கிடைக்காவிடின், உதாரணமாக ஒரு கோப்பிலிருந்து வரி வரியாக வாசித்துக்கொண்டு முடிவு வரும்போது நிற்பதாயின், அதனை வைல் ஆகவே விட்டுவிடுதல் அழகு. இன்னொரு சிறு வேறுபாடும் உண்டு. ஃபோர் தலைவரியிற் பிறந்த மாறிக்கு அவ்வளையத்துக்கு வெளியே வாழ்வில்லை. வைல் ஆக மாற்றியதும் அது வெளியே பிறந்துவிடுகிறதாதலால் வளையம் முடிந்த பின்னரும் உயிரோடிருக்கும். அதே பெயரில் வேறொரு மாறி கீழே வந்தால் ஜாவாவின் மொழிபெயர்ப்பி தடுத்துவிடும். ஆகவே ஆபத்துச் சிறிது.

ஆபத்துப் பெரிதாக இருப்பது வேறோரிடத்தில். ஜாவாவில் "கொன்டினியூ" என்றொரு சொல் உண்டு. "இச்சுற்றில் எஞ்சியதை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குச் செல்" என்பது அதன் பொருள். முன்சொன்ன கூட்டலில், மூன்றால் வகுபடும் எண்களைச் சேர்க்கலாகாது என்று வைத்துக்கொள்வோம். ஃபோர் வடிவத்தின் உடலில், "எண் மூன்றால் வகுபடுமாயின் கொன்டினியூ" என்று ஒரு வரி. அடுத்து, "தொகையுடன் சேர்க்க" என்று ஒரு வரி. இயக்கினால் 1, 2, 4, 5, 7, 8, 10 ஆகியவை சேர்ந்து 37 என்று சரியான விடை வரும். இனி இதனை நான் சொன்ன விதிப்படி வைல் ஆக மாற்றிப் பாருங்கள். எண் 1, சேர்ந்தது. எண் 2, சேர்ந்தது. எண் 3 ஆனதும் கொன்டினியூ குறுக்கிட்டது. அடுத்த சுற்றுக்குச் சென்றது கணினி. ஆனால் எண்ணைக் கூட்டும் வரி உடலின் இறுதியில் அல்லவா இருக்கிறது? அதனைத் தாண்டிப் போய்விட்டதே! எண் இன்னமும் 3. மீண்டும் கொன்டினியூ, மீண்டும் 3. மின்சாரம் உள்ளவரை இது தொடரும்.

ஏன் இவ்வேறுபாடு? ஃபோர் வடிவத்தில் கொன்டினியூ, தலைவரியிலுள்ள அடுத்த படிக்கே செல்கிறது. படி நிறைவேறிய பின்னரே நிபந்தனை பார்க்கப்படுகிறது. வைல் வடிவத்தில் அடுத்த படி என்று தனியாக ஒன்று இல்லை. அதுவும் உடலின் வரிகளுள் ஒன்றே. ஆகவே கொன்டினியூ நேரே நிபந்தனைக்கு ஓடிவிடுகிறது. இயந்திரம்போல் மாற்றுகின்ற மாணவர் தடுமாறும் இடம் இதுதான். பரிகாரம் இரண்டு. கொன்டினியூவுக்கு முன்னரும் எண்ணைக் கூட்டும் வரியை ஒருமுறை எழுதலாம். அது ஒட்டுப்போட்ட சட்டை. நிபந்தனையைத் திருப்பி, "மூன்றால் வகுபடாதாயின் தொகையுடன் சேர்க்க" என்று எழுதிக் கொன்டினியூவையே நீக்கிவிடலாம். இரண்டாவதையே நான் விரும்புவேன். வளையத்தைவிட்டு முற்றாக வெளியேறும் "பிறேக்" என்னும் சொல்லுக்கு இந்தச் சங்கடம் இல்லை. எல்லா வடிவங்களிலும் அது ஒரே விதமாகவே நடந்துகொள்ளும்.

இனி டூ-வைல். பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன்னே நிற்கிறீர்கள். இரகசிய எண்ணைக் கேட்கிறது. தவறினால் மறுபடியும் கேட்கிறது. முதல் கேள்வி எப்படியும் கேட்கப்பட வேண்டியதே. இதனை வைல் ஆக எழுத விரும்பினால், எண்ணைக் கேட்கும் வரிகளை வளையத்துக்கு முன்னே ஒருமுறையும், வளையத்தினுள்ளே ஒருமுறையும் எழுத வேண்டிவரும். ஒரே செய்தி ஈரிடத்தில் நின்றால், பின்னொருநாள் ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துவிடுவது மனித இயல்பு. மறுதலையாக, வைல் வளையத்தை டூ-வைல் ஆக மாற்றுவோர், "ஒருமுறைகூடச் செய்யத் தேவையில்லாத நிலை வருமா" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மாணவர் எவரும் பதிவு செய்யாத வகுப்பின் புள்ளிப் பட்டியலை டூ-வைல் வாசிக்கப் புகுந்தால், இல்லாத முதற்பெயரைத் தேடி இடறிவிழும். நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் எத்தனை முறை சோதித்தாலும் இப்பிழை வெளிப்படாது. ஆகவே, "பட்டியல் வெறுமையன்றாயின்" என்றொரு காவல் நிபந்தனையை வளையத்துக்கு வெளியே நிறுத்தி, அதனுள்ளே டூ-வைலை வைத்தால் மட்டுமே அது வைலுக்குச் சமமாகும்.

நான்காவது வடிவம் வாசிப்பதற்கு இனியது. "இடாப்பிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும்" என்று அது சொல்லும்போது தமிழ் வாக்கியத்தையே கேட்பதுபோல இருக்கும். எண்ணும் இல்லை, எல்லையும் இல்லை. ஆதலின் எல்லைப் பிழைக்கு இடமில்லை. எண்ணைக் கொண்டு நடத்தும் ஃபோர் வடிவத்தில் இப்பிழை மலிந்தது. ஜாவாவில் ஓர் அணியின் முதல் உறுப்பின் இலக்கம் 0. நாற்பது உறுப்புகள் இருந்தால் இறுதி இலக்கம் 39. "நாற்பதிலும் குறைவாக இருக்குமளவும்" என்று எழுதவேண்டிய இடத்தில் "நாற்பதை விஞ்சாதிருக்குமளவும்" என்று எழுதினால், இல்லாத ஓர் உறுப்பைக் கேட்டுச் செய்நிரல் முறிந்துபோகும். நான்காவது வடிவத்துக்கு மாற்றினால் இந்தத் தொல்லை ஒழியும். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. எத்தனையாவது பெயரில் நிற்கிறோம் என்பது தெரியாது. பின்னிருந்து முன்னாக நடக்க இயலாது. எண்கள் கொண்ட அணியொன்றில், கையிலெடுத்த எண்ணைத் திருத்தினாலும் அணியிலுள்ள எண் திருந்தாது, ஏனெனில் கையில் இருப்பது பிரதியே.

இவற்றிலும் நுட்பமான ஒன்று, நடந்துகொண்டே நீக்குதல். 40, 0, 0, 55 என்னும் நான்கு புள்ளிகள் ஒரு பட்டியலில் உள்ளன. சுழியங்களை நீக்கவேண்டும் என்க. எண்ணைக் கொண்டு முன்னோக்கி நடக்கும் ஃபோர் வளையத்தில், இலக்கம் 1இலுள்ள சுழியத்தை நீக்குகிறோம். உடனே பின்னால் நின்றவை ஓரிடம் முன்னே நகர்கின்றன. இரண்டாவது சுழியம் இலக்கம் 1க்கு வந்துவிடுகிறது. நாமோ இலக்கம் 2க்குச் சென்றுவிட்டோம். அங்கே 55 நிற்கிறது. ஒரு சுழியம் தப்பிவிட்டது. சாதாரணப் பட்டியலில் இதையே நான்காவது வடிவத்தில் எழுதினால், ஜாவா பெரும்பாலும் பிழையறிவித்தல் ஒன்றை எழுப்பி வேலையை நிறுத்திவிடும். கடைசிக்கு முந்திய உறுப்பை நீக்கும்போது மட்டும், கவனியாது விட்டுவிடுவதும் உண்டு. அவ்வடிவத்தின் திரைக்குப் பின்னே ஒரு நடத்துநர் இருக்கிறார் என்பதே காரணம். "இன்னும் உண்டா", "அடுத்ததைத் தா" என்னும் இரு கேள்விகளால் வேலை செய்யும் அவரை, அவர் அறியாமலே பட்டியலை மாற்றி ஏமாற்றலாகாது. ஆகவே நீக்கவேண்டிய இடத்தில், நான்காவது வடிவத்தை வைலாக விரித்து, அந்த நடத்துநரை வெளிப்படையாக அழைத்து, அவர் வாயிலாகவே நீக்க வேண்டும். அன்றேல் பின்னிருந்து முன்னாக நடக்கவேண்டும். அப்பொழுது நகர்பவை நாம் ஏற்கெனவே பார்த்து முடித்தவையாகவே இருக்கும்.

பின்ன எண்களைக் கொண்டு வளையத்தை நிறுத்த முயல்வோருக்கு ஒரு வார்த்தை. சுழியத்திலிருந்து தொடங்கி 0.1ஐப் பத்து முறை கூட்டினால் 1 வருமென்று நாம் நினைக்கிறோம். ஜாவாவின் இரட்டைத் துல்லிய எண்ணில் 0.9999999999999999 வரும். "ஒன்றுக்குச் சமமாகாதிருக்குமளவும்" என்று நிபந்தனை எழுதியவர் காத்திருக்க வேண்டியதுதான். முழு எண்ணால் எண்ணி, வேண்டுமிடத்தில் பத்தால் வகுத்துக்கொள்க.

இனி அந்த இசைக்கருவிக்கு வருவோம். அதன் நிரல் ஜாவாவில் எழுதப்பட்டதன்று. சி மொழியில் எழுதப்பட்டது. எனினும் வைல் வாக்கியம் இரண்டிலும் ஒன்றே. 1980ஆம் ஆண்டின் முதல் நாள் தொட்டு எத்தனையாவது நாள் என்ற எண்ணிக்கை கருவியிடம் உண்டு. அதிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். வளையம் சொன்னது இது: நாட்கள் 365ஐ விஞ்சுமளவும் செய்க. உடலினுள்ளே, சாதாரண ஆண்டாயின் 365 நாட்களைக் கழித்து ஆண்டை ஒன்றாற் கூட்டுக. லீப் ஆண்டாயின், நாட்கள் 366ஐ விஞ்சினால் மட்டும் 366ஐக் கழித்து ஆண்டைக் கூட்டுக. 2008 டிசெம்பர் 31 அன்று, கழித்துக் கழித்து 2008ஐ அடைந்தபோது எஞ்சியவை சரியாக 366 நாட்கள். 366, 365ஐ விஞ்சும். ஆகவே வளையத்தினுள்ளே புகுந்தது. 2008 லீப் ஆண்டு. 366, 366ஐ விஞ்சாது. ஆகவே ஒன்றுஞ் செய்யாது திரும்பிற்று. மீண்டும் நிபந்தனை, மீண்டும் 366. கருவி விற்பனைக்கு வந்தபின் நேர்ந்த முதலாவது லீப் ஆண்டு அதுவாதலின், அதற்குமுன் எவருக்கும் இது புலப்படவில்லை. மறுநாள் எண்ணிக்கை 367 ஆனதும் பூட்டுத் தானே திறந்தது.

கொன்டினியூவைப் பற்றிச் சொன்னதுடன் இதனை ஒப்பிடுக. இரண்டிலும் நோய் ஒன்றே: அடுத்த படியானது, ஒவ்வொரு சுற்றிலும் தவறாது நிகழும் இடத்தில் இல்லை. ஒரு கிளையினுள் ஒளிந்திருந்தது. இவ்வளையத்தை ஃபோர் வடிவத்துக்கு மாற்ற முயன்றிருந்தால், "அடுத்த படி எங்கே" என்று தேடியபோதே அது இரண்டு கிளைகளில் சிதறிக் கிடப்பது கண்ணிற் பட்டிருக்கும். மாற்றி எழுதுவோம். தலைவரி: ஆண்டு 1980 ஆகத் தொடங்கும், நாட்கள் அவ்வாண்டின் நீளத்தை விஞ்சுமளவும் செய்க, ஒவ்வொரு முறையும் ஆண்டை ஒன்றாற் கூட்டுக. உடலில் ஒரே வரி: நாட்களிலிருந்து அவ்வாண்டின் நீளத்தைக் கழிக்க. ஆண்டின் நீளம் 365 அல்லது 366 என்பதைத் தனியே ஒரு செயற்கூறு சொல்லட்டும். 2008ஐ அடைந்து 366 நாட்கள் எஞ்சியபோது, 366, 366ஐ விஞ்சாது, வளையம் நின்றுவிடும். 2008ஆம் ஆண்டின் 366ஆம் நாள், அதாவது டிசெம்பர் 31. விடை சரி.

இந்த ஃபோர் வளையத்தை நேயர்கள் மீண்டும் வைலாக மாற்றிப் பார்க்கலாம். இம்முறை 2008இல் தொடங்கி, எஞ்சிய நாட்கள் 367 என்று வைத்துக்கொள்க. கழிக்கும் வரி முதலிலும் ஆண்டைக் கூட்டும் வரி இறுதியிலும் நின்றால், 366 கழிந்து 2009 ஜனவரி 1 என்று வரும். இரண்டையும் இடம்மாற்றி வைத்தால், ஆண்டு முன்னரே 2009 ஆகிவிட, 365 மட்டுமே கழிந்து, ஜனவரி 2 என்று வரும்.